இன்ஜின் வேலை பார்த்தும் இழுவை இல்லை: வண்டியை அடுத்து எங்கே விடுவது?

இன்ஜின் வேலை முடிந்து வந்த பழைய லாரி மேட்டில் திணறினால், கேட்காமலே நாலு யோசனை வந்து சேரும். வேலை பார்த்த மெக்கானிக், “புது செட்டுங்க, ரெண்டு நடை ஓடினா சரியாயிடும்” என்பார்; செட் என்றால் புதிதாகப் போட்ட லைனர், பிஸ்டன், ரிங். டிரைவர், டீசலை அளந்து அனுப்பும் பம்ப்பைக் காட்டி, “பம்ப்புதாங்க, கழட்டி பம்ப் கடைக்குக் குடுத்துடலாம்” என்பார். பக்கத்து வண்டிக்காரர் சிலிண்டர்களை மூடும் ஹெட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்வார். புரோக்கர் ஒருவர் வந்து, நல்ல கண்டிஷனில் பழைய இன்ஜின் ஒன்று இருக்கிறது என்று காதில் போட்டுவிட்டுப் போவார். நாலிலும் கொஞ்சம் உண்மை உண்டு. வரிசை மாறினால் நாலுக்கும் பணம் கட்டி முடித்த பிறகு, ஆக்சிலரேட்டர் பெடலைப் பம்ப்போடு இணைக்கும் ராடு குட்டையாக இருந்த கதை தெரிய வரும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதையும் கழற்றும் முன் அரை நாள் சோதனை. அதிலும் விளங்காவிட்டால், இன்ஜின் வேலையின்போது பம்ப்பிலும் கை வைத்தார்களா இல்லையா என்று பார்த்து, பம்ப் கடையா பழைய பட்டறையா என்று முடிவு செய்யலாம். ஓட்டிப் பார்க்கலாம் என்பது சில அறிகுறிகள் இருந்தால் மட்டும். வேறு இன்ஜின் என்பது கடைசி.

இங்கே பேசுவது மைக்கோ லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி லைனில் டீசல் அனுப்பும் பம்ப்) போட்ட பழைய வண்டிகளைப் பற்றி மட்டும். உதாரணத்துக்கு டாடா 697 இன்ஜின் உள்ள 1613. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் எந்தப் பட்டறையிலும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிற இன்ஜின் அது. 1954 முதல் 1969 வரை டாடாவும் டெய்ம்லர் பென்ஸும் கூட்டாக லாரி செய்த காலத்து வம்சம்; ஆறு சிலிண்டர், 97 மி.மீ. போர், 128 மி.மீ. ஸ்ட்ரோக், 5,675 சி.சி. டர்போ (காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் கருவி) போட்ட டி.சி. இன்ஜின் 2,400 ஆர்.பி.எம்.மில் ஏறக்குறைய 130 குதிரைசக்தி கொடுக்கும். 16.2 டன் மொத்த எடைக்கு அதைப் பிரித்தால் டன்னுக்கு எட்டுக் குதிரைதான். இதில் இருபது குறைந்தால் சமதரையில் யாருக்கும் தெரியாது. சேலத்திலிருந்து தர்மபுரி போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் ஒரு கியர் கீழே இறங்கிவிடும். கம்ப்யூட்டர் வைத்து டீசல் தூவும் காமன் ரயில் வண்டிகளுக்கு ஸ்கேனர் உண்டு, அது வேறு வித்தை. கீழே சொல்லும் சில சோதனைகளை அவற்றில் செய்யவே கூடாது.

முதலில், இழுவை நிஜமாகவே குறைந்திருக்கிறதா?

இதைக் கேட்டால் வண்டிக்காரர்களுக்குக் கோபம் வரும். இருந்தாலும் கேட்டாக வேண்டும். பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் யாரோ ஒரு காலத்தில் பம்ப்பில் டீசலைக் கூட்டி வைத்திருப்பார்கள். கரும்புகை கக்கும், ஆனால் இழுக்கும். பிஸ்டன் சூடாகும், லைனர் தேயும், கடைசியில் இன்ஜின் வேலைக்கே அதுதான் காரணமாக இருந்திருக்கும். இப்போது பம்ப் கடைக்காரர் நேர்மையாக டெஸ்ட் பிளான் என்கிற கம்பெனி அளவுக்கே செட் செய்து கொடுத்திருந்தால், வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது எப்படி இழுத்ததோ அப்படித்தான் இழுக்கும். டிரைவருக்கு அது போதாது. புகை துளியும் இல்லை, வெப்ப முள் ஒழுங்காக நிற்கிறது, டீசல் கணக்கு முன்னைவிட நன்றாக இருக்கிறது என்றால், கோளாறு எதுவும் இல்லாமலே இருக்கலாம். திரும்பக் கூட்டச் சொல்வது உங்கள் விருப்பம். புது செட்டின் ஆயுள் அதில் போகும்.

இன்ஜினைத் தாண்டியும் இரண்டு இடம் இருக்கிறது. கிளட்ச் வழுக்கினால் ஆர்.பி.எம். ஏறும், வேகம் ஏறாது. இன்ஜின் இறக்கி ஏற்றும்போது பின்பக்க ஆயில் சீலில் கசிவு விட்டுவிட்டால், புது கிளட்ச் பிளேட்டில் ஆயில் பட்டு இந்த நிலை வரும். மற்றொன்று பிரேக் பிடித்துக்கொள்வது. பத்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்தி, நாலு ஹப் பக்கமும் கையைக் கிட்டே கொண்டுபோனால், எது கொதிக்கிறது என்று தெரிந்துவிடும். பட்டறையில் மாதக்கணக்கில் நின்ற வண்டிக்கு இது சகஜம்.

புகை சொல்லும் சேதி

பட்டறைக்குப் போகும் முன் ஒருவரை ரோட்டோரம் நிற்க வைத்து, லோடோடு மேடு ஏறும்போது சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் ரேஸ் செய்து பார்ப்பதில் பெரிய பலன் இல்லை.

கரும்புகை வருகிறது, இழுவை இல்லை: டீசல் போகிறது, காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர், டர்போவுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் உள்ள ஹோஸ், அதன் கிளிப், டர்போ, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் என்று அந்த வரிசையில் பார்க்க வேண்டும். சிலிண்டருக்குள் டீசல் விடும் நாசில் சரியாகத் தூவாமல் சொட்டினாலும் கரும்புகைதான்.

வெள்ளைப் புகை, கண்ணை எரிக்கிற டீசல் வாசனை: டீசல் போகிறது, நேரத்துக்கு எரியவில்லை. டைமிங், அதாவது டீசல் தூவும் நேரம், பின்தங்கியிருக்கலாம்; கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், குறைவாக இருக்கலாம்.

நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது.

புகையே இல்லை, இழுவையும் இல்லை என்பது நாலிலும் எனக்குப் பிடித்தது. காரணம், பெரும்பாலும் செலவில்லாமல் தீரும். இன்ஜினுக்கு டீசலே போதுமான அளவு போகவில்லை என்று அர்த்தம். அதற்கு ஹெட்டைத் தூக்குவது வீண் வேலை.

அரை நாள் சோதனை

ஒரு ஆளைக் கேபினில் உட்கார வைத்து ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கச் சொல்லிவிட்டு, பம்ப் பக்கம் குனிந்து பாருங்கள். இன்ஜின் ஓட வேண்டியதில்லை. பம்ப்பின் லீவர் மேக்ஸிமம் ஸ்க்ரூவின் தலையைத் தொட வேண்டும். தொடாமல் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தால், கோளாறு அங்கேயே கிடைத்துவிட்டது. இன்ஜின் வேலையோடு மவுண்டிங் ரப்பரையும் புதிதாகப் போடுவார்கள். அமுங்கிப்போன பழைய ரப்பருக்குப் பதில் புது ரப்பர் வந்ததும் இன்ஜின் சற்று உயரும். பழைய அளவில் இருக்கும் ராடு எட்டாது. ராடின் முனையில் நட்டைத் தளர்த்தி நாலு சுற்று நீட்டினால் போதும். பெடலுக்கு அடியில் கிடக்கும் தடிமனான மேட் கூட இந்த வேலையைச் செய்யும்.

அடுத்து, லோடு இல்லாமல் முழு ரேஸ். 2,400-க்கு உரிய இன்ஜின், லோடு இல்லாதபோது அதைவிடக் கொஞ்சம் மேலே போய், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் பிடித்து நிற்க வேண்டும். 2,000 பக்கமே நின்றுவிட்டால் ராடு, கவர்னர், டீசல் வரத்து இந்த மூன்றில் ஒன்று. புது செட்டு போட்ட இன்ஜினை இந்தச் சோதனைக்காக நீண்ட நேரம் அலற விட வேண்டாம், முள்ளைப் பார்த்ததும் காலை எடுத்துவிடலாம்.

டீசல் வரத்தைப் பார்க்க ஒரு எளிய வழி. ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் நிரப்பிக் கேபினில் கெட்டியாகக் கட்டி, அதிலிருந்து, டேங்க் டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப்புக்கு நேராக ஒரு ஹோஸ். இப்படி ஒரு மேடு ஏறிப் பாருங்கள். இழுவை வந்துவிட்டால் இன்ஜினும் பம்ப்பும் நிரபராதி. டேங்க் உள்ளே உறிஞ்சும் குழாயின் ஜல்லடையில் அழுக்கு, அல்லது வழியில் எங்கோ ஹோஸ் காற்று இழுக்கிறது. பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டுப் பூட்டினால் குழாயைப் பூட்டும் பாஞ்சோ போல்ட்டில் காற்று இழுக்கும், வெளியே ஒரு சொட்டுக் கூட ஒழுகாது. அதனால்தான் பார்த்த மாத்திரத்தில் சிக்குவதில்லை. பம்ப்பின் ஓவர்ஃப்ளோ வால்வில் ஸ்ப்ரிங் தளர்ந்திருந்தாலும் டீசல் டேங்குக்கே திரும்பி ஓடிவிடும், மேட்டில் பட்டினி.

டர்போ வண்டிகளில் சில பம்ப்புகளின் தலையில் ஒரு டயாஃப்ரம் இருக்கும். மேனிஃபோல்டிலிருந்து அதற்கு மெல்லிய குழாய் ஒன்று போகும். டர்போ காற்று வந்தால்தான் அது கூடுதல் டீசலைத் திறந்துவிடும். பூட்டும்போது அந்தக் குழாயை மறந்தாலோ, அது விரிசல் விட்டிருந்தாலோ, புகை இல்லாமல் இழுவை குறையும். எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள வண்டி என்றால், அதன் தட்டு முழுசாகத் திறக்கிறதா என்று லிங்க்கை ஆட்டிப் பாருங்கள். கரி பிடித்துப் பாதியில் நிற்கும் தட்டு, இன்ஜினின் மூச்சை அப்படியே அடைத்துவிடும்.

கடைசியாக, ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்ப்பது. ஐட்லிங்கில் நாசிலுக்குப் போகும் பைப் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்றுத் தளர்த்தினால், அந்தச் சிலிண்டர் செத்து இன்ஜின் சத்தம் தடுமாற வேண்டும். தளர்த்தியும் சத்தம் மாறவில்லை என்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே சும்மாதான் இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு, கைக்குத் துணி சுற்றி, பீறும் டீசலுக்கு எதிரே விரலை நீட்டாமல் செய்ய வேண்டும்; அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே எடுக்க வேண்டி வரும். காமன் ரயில் வண்டியில் இதைச் செய்யக்கூடாது என்று நான் சொன்னதும் இதனால்தான். அங்கே அழுத்தம் பல மடங்கு.

சங்ககிரிப் பக்கம் ஒரு பட்டறையில் இந்தச் சோதனை கண்டுபிடித்துக் கொடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வண்டி 1613. நாலாவது பைப்பைத் தளர்த்தினால் சத்தத்தில் மாற்றமே இல்லை. பம்ப்பில் அந்த லைனுக்கு டீசலைத் தள்ளும் எலிமெண்ட் போய்விட்டது என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். அங்கிருந்த வயதான மேஸ்திரி மட்டும் நாசிலைக் கழற்றச் சொன்னார். நாசில் வெளியே வந்தது, அதன் மூக்கில் பளபளவென்று புதுச் செம்பு வாஷர். ஹெட்டின் ஓட்டைக்குள் டார்ச் அடித்தார். அடியில் கருகிப்போய், ஹெட்டோடு ஹெட்டாக ஒட்டிக்கொண்டு பழைய வாஷர். இரண்டு வாஷருக்கு மேல் உட்கார்ந்த நாசில், அந்த அளவு உயர்ந்து நின்று, டீசலைப் பிஸ்டன் குழிக்குள் தூவாமல் விளிம்பில் தூவிக்கொண்டிருந்தது. வளைத்த கம்பியால் பழையதைக் கிளறி எடுத்துப் பூட்டினார்கள். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

பம்ப் கடையா, பழைய பட்டறையா?

இத்தனைக்கும் பிறகு விடை வரவில்லை என்றால்தான் இந்தக் கேள்வி. நம் ஆட்கள் பெரும்பாலும் பம்ப் கடையைத்தான் முதலில் பிடிப்பார்கள். பம்ப்பைக் கழற்றுவது சுலபம், ஒன்றிரண்டு நாளில் முடியும், வேலை செய்த மெக்கானிக்கோடு மனக்கசப்பும் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். இன்ஜின் வேலைக்கு முன்பு அதே பம்ப் போட்டு வண்டி இழுத்தது. நடுவில் பம்ப்பை யாரும் பிரிக்கவில்லை. ஆனால் வேலை முடிந்ததிலிருந்து இழுவை இல்லை. அப்படியென்றால் பம்ப்பின் உள்ளே கோளாறு என்பதைவிட, பம்ப்பைத் திரும்பப் பூட்டிய விதத்தில் கோளாறு என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அதாவது டைமிங்.

வண்டியைப் பொறுத்து பம்ப்பை ஃப்ளாஞ்சில் திருப்பியோ கப்ளிங்கில் நகர்த்தியோ டைமிங் வைப்பார்கள். கழற்றும் முன் போட்ட பழைய குறியை நம்பிப் பூட்டுகிறவர்கள் நிறைய. உள்ளே டைமிங் கியர் கழன்று பூட்டப்பட்ட பிறகு அந்தப் பழைய குறிக்கு மதிப்பில்லை. முதல் சிலிண்டரின் டெலிவரி வால்வைக் கழற்றி, வளைந்த குழாய் மாட்டி, ஃப்ளைவீலை மெல்லத் திருப்பி டீசல் சொட்டு நிற்கும் இடத்தைப் பார்க்கும் ஸ்பில் முறையில் வைத்தார்களா என்று கேளுங்கள். காதால் கேட்டு வைத்தோம் என்றால், மேனுவலில் உள்ள டிகிரிக்கு முதலில் வைக்கச் சொல்லுங்கள். சில டிகிரி பின்தங்கினால் வண்டி சாதுவாக, சத்தமில்லாமல், சோம்பலாக ஓடும்; சைலன்சர் அளவுக்கு மீறிச் சூடாகும். முந்தினால் இன்ஜின் தட்டும், புதுப் பிஸ்டனுக்கு ஆபத்து.

பம்ப் கடைதான் சரி என்பதும் உண்டு. இன்ஜினோடு பம்ப்பையும் பிரித்து வேலை பார்த்திருந்தால், அல்லது மாற்றுப் பம்ப் வாங்கிப் போட்டிருந்தால், நேராக அங்கேதான் போக வேண்டும். மாற்றுப் பம்ப் என்றால் பெயர்ப்பலகையில் உள்ள நம்பரைப் படித்துப் பாருங்கள். டர்போ இல்லாத 697-க்கு செட் செய்த பம்ப், டி.சி. இன்ஜினிலும் கச்சிதமாக உட்காரும், ஸ்டார்ட்டும் ஆகும். டீசல் மட்டும் குறைவாகத்தான் கொடுக்கும். பம்ப் கடையில் கேட்டு வாங்க வேண்டியது பில் மட்டும் அல்ல, பெஞ்சில் எடுத்த ரீடிங் தாள். ஆறு லைனிலும் வந்த டீசல் அளவு, எந்த ஆர்.பி.எம்.மில் கவர்னர் வெட்டுகிறது, இந்த இரண்டும் அதில் இருக்க வேண்டும். தாள் தர மறுக்கும் கடையில் பம்ப்பைக் கொடுக்காதீர்கள். நாசிலையும் கூடவே அனுப்புங்கள்.

பழைய பட்டறைக்குத் திரும்பிப் போவதில் உள்ள லாபம், கூலி கேட்க மாட்டார், கேட்டாலும் குறைவாகக் கேட்பார். நஷ்டம், “நம்ம வேலை பக்காங்க, பம்ப்பைப் பாருங்க” என்ற பதில். இதை உடைக்க ஒரே வழி, வெளியில் ஒரு டீசல் கம்ப்ரஷன் கேஜ் வைத்திருப்பவரிடம் ஆறு சிலிண்டருக்கும் ரீடிங் எடுத்துக்கொண்டு போவது. இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும், ஆறையும் ஒரே மாதிரி எடுக்க வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் குறைந்தால் வால்வு, டாப்பெட் (வால்வை அசைக்கும் பாகத்தின் இடைவெளி), அல்லது உடைந்த ரிங். ஹெட் போல்ட்டைத் திரும்ப முறுக்கிய பிறகு டாப்பெட் பார்க்காமல் விட்டால் இடைவெளி செத்துப்போய், வால்வு முழுசாக மூடாது. டாப்பெட் கவரைக் கழற்றினாலே இதைப் பார்த்துவிடலாம்.

ஆறும் சமமாகக் குறைந்தால் விஷயம் பெரிது. கேம் கியர் ஒரு பல் தள்ளிப் பூட்டப்பட்டிருக்கலாம். ஹெட் கேஸ்கட் தடிமன் மாறியிருக்கலாம். வால்வு சீட்டை லேத்தில் அதிகம் அறுத்து, வால்வுகள் ஹெட்டுக்குள் ஆழமாக இறங்கியிருக்கலாம். பிஸ்டனுக்கு மேல் இடம் கூடி கம்ப்ரஷன் குறைந்துவிடும். இவை எதுவும் பம்ப் கடையில் தீராது, ஓட்டி ஓட்டியும் தீராது. ரீடிங்கை மெக்கானிக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் நின்றாலே போதும், நல்ல வேலைக்காரர் என்றால் அவரே ஸ்பேனரை எடுப்பார்.

ஓட்டிப் பார்க்கலாம் என்பவர்களுக்கு

ரிங் லைனரில் படிய நேரம் எடுக்கும் என்பது உண்மை. ஆனால் அதனால் குறையும் இழுவை கொஞ்சம்தான். அது கூடவே இன்ஜினின் மூச்சுக்குழாயான பிரீதரில் லேசான புகையையும் கொஞ்சம் ஆயில் செலவையும் கொண்டுவரும், கிலோமீட்டர் ஓட ஓட இரண்டும் குறையும். காலையில் செல்ஃப் தொட்டதும் பிடிக்கிறது, புகை பெரிதாக இல்லை, வாரத்துக்கு வாரம் தேறுகிறது என்றால் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் பொறுக்கலாம். முதல் நாளே ஒரு கியர் குறைந்து, ஐந்நூறு கிலோமீட்டரிலும் அப்படியே இருந்தால் அது ரிங் இல்லை.

இந்தக் காலத்தில் வண்டியை ஐட்லிங்கில் மணிக்கணக்காக உறும விடுவது நம்மூர்ப் பழக்கம்; புது இன்ஜினைப் பக்குவமாக வைத்திருப்பதாக நினைப்பு. எரியும் அழுத்தம்தான் ரிங்கை லைனரோடு அழுத்திப் படிய வைக்கிறது. லோடே இல்லாமல் ஓடினால் ஹோனிங்கில் கீறிய நுண்கோடுகள் மழுங்கி லைனர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், பிறகு ரிங் படியவே படியாது. முக்கால் லோடு ஏற்றி, ஆர்.பி.எம்.மை ஏற்றி இறக்கி, மேட்டில் ஒரு கியர் முன்பே குறைத்து ஓட்டுவதே சரி.

வேறு இன்ஜின் வாங்குவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிளாக் விரிசல், கிராங்கைக் கடைந்து குறைக்கும் அண்டர் சைஸ் எல்லாம் முடிந்துபோனது என்ற நிலையில்தான் அது கணக்குக்கு வரும். அப்போதும் அந்த இன்ஜினின் வரலாறு உங்களுக்குத் தெரியாது, ஆர்.சி.யில் இன்ஜின் நம்பரை மாற்றிப் பதிய வேண்டும், பழைய இன்ஜினின் பேப்பர் சரியில்லை என்றால் எஃப்.சி. (தகுதிச் சான்று) நாளில் அலைய வேண்டும். இழுவை குறைந்தது என்ற ஒரே காரணத்துக்காக, இப்போதுதான் புது லைனரும் புது ரிங்கும் போட்ட இன்ஜினைத் தூக்கி ஓரமாக வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

இன்னும் வண்டியைப் பட்டறையில் விடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கூலி பேசும்போதே, ஒரு பங்கை லோடு ஏற்றி மேடு ஏறிப் பார்த்த பிறகு தருவதாகச் சொல்லிவிடுங்கள். மெக்கானிக்கையும் அன்று கேபினில் ஏற்றிக்கொள்ளுங்கள். தொப்பூரில் முள் எங்கே நிற்கிறது என்பதை அவரே பார்க்கட்டும்.